செருப்புத் தைப்பவரும் சிரித்த நண்பரும்: பொறாமைக்கு இரண்டு வைத்தியர்கள்

பௌத்த நூலான விசுத்திமக்கத்தின் பதினான்காம் அத்தியாயத்தில் புத்தகோசர் பொறாமைக்கு இலக்கணம் வகுக்கிறார். அதன் அண்மைக் காரணம் பிறருடைய நல்வாழ்வு என்கிறார். அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில், பிறர் மகிழ்வதைக் கண்டு மகிழும் முதிதைக்கும் இலக்கணம் வகுக்கிறார். அதன் அண்மைக் காரணமும் பிறருடைய நல்வாழ்வைக் காண்பதே. காட்சி ஒன்றுதான், ஒருவனுக்கு அது நோயாகிறது, இன்னொருவனுக்கு விருந்தாகிறது. இடையில் நான்கு அத்தியாயங்கள் இருப்பதால் இந்தப் பொருத்தம் வாசிப்பவர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா உலூமித்தீனிலும் இதே கவர்பாதை இருக்கிறது. நாற்பது நூல்கள் அடங்கிய அந்தத் தொகுதியில் இருபத்தைந்தாவது, கோபத்தையும் வன்மத்தையும் பொறாமையையும் பேசுவது. சகோதரனுக்கு இறைவன் ஓர் அருட்கொடையை அளித்தால் உனக்கு இரண்டு நிலைகள் உண்டு என்று அங்கே தொடங்குகிறார். அந்தக் கொடையை வெறுத்து அது அவனை விட்டு நீங்க வேண்டுமென்று விரும்புவது ஒரு நிலை. அது அவனிடமே இருக்கட்டும், அதுபோல் ஒன்று எனக்கும் கிடைக்கட்டும் என்று விரும்புவது மறுநிலை. முந்தியது ஹஸத், பிந்தியது கிப்தா. ஹஸத் விலக்கப்பட்டது, கிப்தா விலக்கப்படாதது.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் அமர்ந்து எழுதியவர் ஒருவர். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதின் நிஸாமிய்யா கலாசாலைப் பதவியை உதறிவிட்டுச் சென்றவர் மற்றவர். இருவரையும் இணைக்கும் பாதை வரலாற்றில் இல்லை. ஆனால் மடவளையில் அவர்கள் அண்டை வீட்டார். கண்டிக்கு வடகிழக்கே, வத்தேகமவுக்குப் போகும் பக்கத்தில், தும்பறைப் பள்ளத்தாக்கில் இருக்கும் இந்தப் பஸாரில் வெள்ளிக்கிழமை குத்பாவில் ஹஸத் கண்டிக்கப்படும். சுற்றியுள்ள கிராமங்களின் பன்சலைகளில் போயா நாள் பௌத்த உபதேசத்தில் முதிதா போற்றப்படும். இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே பள்ளத்தாக்கின் காற்றில்தான் பேசுகின்றன. ஒன்றைக் கேட்பவர் மற்றொன்றுக்குக் காது கொடுப்பது அரிது என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு தேவை இருக்கிறது.

பொறாமை யார் மீது பாய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கஸ்ஸாலியின் பதில் ஒரு கடைத்தெருவில் நின்றுகொண்டு சொன்னது போலிருக்கிறது. அறிஞர் அறிஞர் மீது பொறாமை கொள்வார், வணக்கசாலி மீது கொள்ளமாட்டார். வணிகர் வணிகர் மீது கொள்வார். செருப்புத் தைப்பவருக்குச் செருப்புத் தைப்பவர் மீதுதான் எரிச்சல், துணி வியாபாரி மீது அன்று. தூரத்து நாட்டின் அரசன் எவ்வளவு பெரிய மாளிகை கட்டினாலும் நமக்குத் தூக்கம் கெடுவதில்லை. நம் கடைக்கு எதிர்க்கடையில் புதிய பெயர்ப்பலகை ஏறினால் கெடுகிறது. ஒரே இலக்கை நோக்கிப் பலர் நெருங்கும் இடத்தில்தான் இந்த நோய் பரவுகிறது என்பது அவர் வாதத்தின் அச்சாணி. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை முன்வைத்தபோது, மனிதர் தமக்கு நிகரானவர்களோடுதான் தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள் என்றார். செருப்புத் தைப்பவர் அதற்கு எட்டரை நூற்றாண்டு முன்பே அதைச் செய்து காட்டிவிட்டார்.

புத்தகோசரின் உலகில் கடைகள் இல்லை. ஆயினும் போட்டி இருக்கிறது. பொறாமையின் இரட்டையான உலோபத்தை ஐந்தாகப் பிரிக்கும் மரபை அவர் பின்பற்றுகிறார்: உறைவிடம், ஆதரிக்கும் குடும்பங்கள், கிடைக்கும் காணிக்கை, கற்ற தர்மம், புகழ். ஒரு துறவிக்கு இன்னொரு துறவி எந்தெந்த இடங்களில் இடைஞ்சலாவார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பட்டியல் இருக்க முடியாது. உறைவிடம் என்ற இடத்தில் கடை என்றும், ஆதரிக்கும் குடும்பங்கள் என்ற இடத்தில் வாடிக்கையாளர் என்றும் போட்டுக்கொண்டால் பட்டியல் அப்படியே பஸாருக்குள் வந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, இரு பட்டியல்களும் கல்வியில் வந்து சந்திப்பதுதான். கஸ்ஸாலி உலமாக்களை விட்டுவைக்கவில்லை; புத்தகோசர் பிக்குகளை விட்டுவைக்கவில்லை. கற்றால் பொறாமை போய்விடும் என்ற நம்பிக்கை இருவருக்கும் இல்லை. தம் கற்பித்தலுக்குப் பின்னால் புகழாசை இருந்ததைக் கஸ்ஸாலி தம் வாழ்க்கைக் குறிப்பில் தாமே எழுதியிருக்கிறார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். திருக்குறள் வெகுளாமையைத் துறவறவியலிலும் அழுக்காறாமையை இல்லறவியலிலும் வைத்திருக்கிறது. இந்த இருவரும் அந்தப் பிரிவினைக்கு உடன்படமாட்டார்கள்.

மடவளைக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வரும் நாளில், ஒரே சந்தில் உள்ள இரண்டு வீடுகளில் ஒன்று வெட்டுப்புள்ளியைத் தாண்டி மற்றது இரண்டு புள்ளி பிந்தினால் என்ன நடக்கும் என்று எந்தத் தாயிடமும் கேட்கலாம். கொழும்பில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற பிள்ளையின் படம் பத்திரிகையில் வருவது அவரைச் சுடுவதில்லை.

காரணங்களுக்கு வந்தால் இருவரும் பிரிகிறார்கள். கஸ்ஸாலி ஏழு காரணங்களை அடுக்குகிறார்: பகை, தன் நிலை தாழ்வது பொறுக்காமை, ஆணவம், நம்மைப் போன்ற ஒருவனுக்கா இது என்ற வியப்பு, தன் நோக்கம் தவறிவிடும் என்ற அச்சம், தலைமை ஆசை, எந்தக் காரணமும் இல்லாத மனச்சிறுமை. கடைசியைச் சொல்லும்போதுதான் அவர் கைவிரிக்கிறார். முதல் ஆறுக்கும் ஒரு காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் நோய் நீங்கும். ஏழாவது இயல்பிலேயே ஊறியது, அதற்கு மருந்து கடினம்.

புத்தகோசர் அடுக்குவதில்லை. முதிதைக்கு இரண்டு எதிரிகளைக் காட்டுகிறார். ஒன்று அருகில் இருந்துகொண்டு நண்பனைப் போல் நடிப்பது, மற்றது எட்ட நின்று நேராக எதிர்ப்பது. எட்ட நிற்கும் எதிரி பொறாமைதான் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் சொல்வது வேறு: அது அரதி. தன் தனித்த உறைவிடத்திலும் தான் மேற்கொண்ட உயர்ந்த பணியிலும் மனம் ஒட்டாமல் சலித்துக் கிடப்பது. அதாவது பிறர் மகிழ்ச்சியில் மகிழ முடியாதவனின் கோளாறு பிறர் வீட்டில் தொடங்குவதில்லை. தன் வீட்டில், தன் வேலையில் தொடங்குகிறது. இந்த ஒரு வரையறைக்காகவே அந்த அத்தியாயத்தை நான் கஸ்ஸாலியின் ஏழு காரணங்களுக்கு மேலே வைப்பேன். தன் கடையில் மனம் ஒட்டாதவனுக்குத்தான் எதிர்க்கடைக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ண நேரம் இருக்கிறது. கையில் இருக்கும் வேலையில் ஆழ்ந்திருப்பவன் அந்தக் கணக்கைத் தவறவிட்டுவிடுவான். இன்று அந்தக் கணக்குக்கு எதிர்க்கடையும் தேவையில்லை; கையடக்கத் தொலைபேசியில் விரலை மேலே தள்ளினால் பத்துப் பேரின் புது வீடும் உம்ராப் பயணமும் கலியாண வீடும் ஓடும். அப்படித் தள்ளும் விரலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது சலிப்புதான். பொறாமை அதற்குப் பிறகு வருகிறது. அரதி முதலில், பொறாமை அடுத்து என்ற வரிசையைப் புத்தகோசர் வெளிப்படையாகப் போடவில்லை, ஆனால் அவருடைய வரையறை அங்கேதான் நம்மை இட்டுச் செல்கிறது.

கஸ்ஸாலிக்கும் இதற்கு நிகரான ஒரு பதில் இருக்கிறது, வேறு திசையிலிருந்து. அவர் பார்வையில் குறை பொருளின் ஒடுக்கத்தில் இருக்கிறது. ஒரு பதவியில் ஒருவர்தான் அமரலாம். ஒரு நிலத்தை ஒருவர்தான் உடைமையாக்கலாம். வானத்தின் அழகைப் பார்ப்பவர்கள் ஒருவர் மீது ஒருவர் பொறாமை கொள்வதில்லை, ஏனெனில் ஒருவர் பார்ப்பதால் மற்றவர் பார்வைக்குக் குறைவு வருவதில்லை. இறைவனை அறியும் அறிவும் அப்படிப்பட்டது. அதில் நெரிசல் இல்லை. ஆகவே அறிஞர்கள் தமக்குள் பொறாமைப்பட்டால் அவர்கள் தேடியது அறிவை அல்ல, அதோடு வரும் செல்வத்தையும் மதிப்பையும் என்று முடிக்கிறார். கஸ்ஸாலி, விரும்பும் பொருளை மாற்றச் சொல்கிறார். புத்தகோசர், விரும்பும் மனத்தின் சலிப்பைத் தீர்க்கச் சொல்கிறார். எதிர்க்கடையிலிருந்து கண்ணை எடுக்க வைப்பதே இரண்டின் பயனும்.

நட்டக் கணக்கில் இருவரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுவது வியப்பு. பொறாமைக்காரன் எதிரியை நோக்கிக் கல்லை எறிகிறான், அது திரும்பி வந்து அவன் கண்ணையே தாக்குகிறது என்கிறார் கஸ்ஸாலி. பிறரை அடிக்கத் தணலைக் கையில் எடுப்பவன் முதலில் தன் கையைச் சுட்டுக்கொள்கிறான் என்கிறார் புத்தகோசர். அது அவர் சினத்தைப் பேசும் இடம், ஆனால் அவருடைய பகுப்பில் பொறாமை சினத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஒப்புமை கூடுகிறது. உன் எதிரிக்கு மிகப் பெரிய ஆசை நீ துயரத்தில் உழல வேண்டும் என்பதுதான், பொறாமையால் நீயே அந்த ஆசையை நிறைவேற்றிக் கொடுக்கிறாய் என்பது கஸ்ஸாலியின் ஏளனம். எதிரி தன் ஆட்சிக்கு உட்பட்ட இடத்தில் உனக்குத் துன்பம் செய்தான், அவன் ஆட்சிக்கு உட்படாத உன் மனத்தில் அந்த வேலையை நீ ஏன் அவனுக்காகச் செய்கிறாய் என்பது புத்தகோசரின் கேள்வி. தன் மகிழ்ச்சியின் நிர்வாகத்தைப் பிறன் கையில் ஒப்படைத்துவிட்ட முட்டாள்தனம்தான் இருவருக்கும் எரிச்சலூட்டுகிறது. கருணையாளர்கள் என்று பெயர் பெற்ற இருவரும் இந்த இடத்தில் சற்றுக் கடுமையாகப் பேசுகிறார்கள்.

கஸ்ஸாலி கணக்கை மறுமை வரை கொண்டு போகிறார். பொறாமையால் புறம் பேசினால் உன் நன்மைகள் அவன் ஏட்டுக்கு மாற்றப்படும். அவனுக்கு ஏற்கெனவே இம்மையின் கொடை இருந்தது, நீ மறுமையின் கொடையையும் சேர்த்துக் கொடுத்தாய். வியாபாரிகளுக்கு இந்த மொழி உடனே புரியும். புத்தகோசரிடம் இப்படி ஏடு மாற்றும் ஏற்பாடு கிடையாது. அவரவர் வினை அவரவருக்கே.

இங்கேதான் இருவருக்கும் இடையிலுள்ள ஆழமான பிளவு வெளிப்படுகிறது. கஸ்ஸாலியைப் பொறுத்தவரை பங்கீடு செய்தவன் ஒருவன் இருக்கிறான். எனவே பொறாமை என்பது பக்கத்துக் கடைக்காரரோடு உள்ள பிணக்கு மட்டுமல்ல. பங்கிட்டவனின் தீர்ப்பை ஏற்காத முறைப்பாடு. பாவத்தின் கனம் அங்கிருந்து வருகிறது. புத்தகோசரைப் பொறுத்தவரை பங்கீட்டாளன் யாரும் இல்லை. உயிர்கள் தம் வினைக்கு உரியவர்கள் என்று காண்பதுதான் சமநிலைக்கு அண்மைக் காரணம். எனவே பொறாமை முறைப்பாடாகக்கூட நிற்க முடியாது, முறையிட நீதிமன்றமே இல்லை. ஒருவருக்குப் பொறாமை நன்றிகேடு; மற்றவருக்கு அது பார்வைக் குறைபாடு. இந்த இரண்டு அடித்தளங்களில் எது உறுதியானது என்று தீர்ப்பது இங்கே என் வேலை அன்று. ஆனால் நடைமுறையில் ஒன்றைச் சொல்லலாம்: பங்கிட்டவனை நம்புகிறவனுக்கு மனத்தில் பேசுவதற்கு ஒருவர் இருக்கிறார், துஆவில் எனக்கும் தா என்று கேட்க வழி இருக்கிறது. வினையை நம்புகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பதிலாக, யாரிடமும் கோபப்படவேண்டிய தேவையும் இல்லை.

மருந்தில் இருவரும் எதிரெதிர் முனைகளிலிருந்து புறப்படுகிறார்கள். கஸ்ஸாலி அறிவு, செயல் என்று இரண்டு மருந்துகள் தருகிறார். அவருடைய தனித்தன்மை இரண்டாவதில் இருக்கிறது. பொறாமை ஒருவனை இகழத் தூண்டினால் நாவைக் கட்டாயப்படுத்தி அவனைப் புகழச் செய். தலை நிமிரத் தூண்டினால் பணிந்து போ. கொடுக்காதே என்று தடுத்தால் முன்பைவிட அதிகமாகக் கொடு. மனம் ஒப்புகிறதா என்று காத்திருக்காதே. இது நயவஞ்சகம் இல்லையா, எதிரி இதை அச்சம் என்று எடுத்துக்கொள்ளமாட்டானா என்று எழும் கேள்வியை அவர் ஷைத்தானின் சூழ்ச்சி என்று தள்ளிவிடுகிறார். நல்ல நடத்தை வலிந்து வந்தாலும் இயல்பாக வந்தாலும் இரு பக்கத்திலும் பகையின் கூர்மையை மழுக்கும். அவன் மனம் இளகும், அவன் அன்பு உன் மனத்தையும் இளக்கும், நடிப்பாகத் தொடங்கியது இயல்பாக முடியும்.

புத்தகோசர் எதிரியிடமிருந்து தொடங்குவதைத் தடுக்கிறார். வெறும் பிரியமானவரிடமிருந்தும் தொடங்க வேண்டாம் என்கிறார். பிரியம் மட்டும் முதிதைக்குப் போதாது. அவர் தேர்ந்தெடுப்பவர் ஒரு குறிப்பிட்ட வகை நண்பர்: எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பவர், முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுபவர். அப்படி ஒருவரை நினைத்து, இவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், எவ்வளவு நல்லது என்று மனத்தை நனைக்க வேண்டும். அது ஊறியபின் நட்பும் பகையும் இல்லாதவரிடம் செல்லலாம், அதன்பிறகே பகைவரிடம். ஊரில் அப்படி ஒருவர் எங்கும் இருப்பார். பஸ் தரிப்பிடத்திலும் தேநீர்க் கடையிலும் அவர் வருமுன் அவர் சிரிப்பு வந்துவிடும். அவருடைய வங்கிக் கணக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனித்தால் புத்தகோசரின் தேர்வு எவ்வளவு சூட்சுமமானது என்று விளங்கும்.

அந்த நண்பர் நொடித்துப் போனால்? கஸ்ஸாலியின் நூலில் இதற்கு இணையான இடம் இருண்டது: பொறாமையும் பிறர் கேட்டில் மகிழ்வதும் ஒன்றையொன்று பிரியாதவை என்று அவர் எச்சரிக்கிறார். உயர்வில் எரிந்தவன் தாழ்வில் குளிர்வான். புத்தகோசரின் இடம் ஒளியுள்ளது: நண்பர் இன்று நலிந்திருந்தாலும் அவருடைய முன்னைய மகிழ்ச்சியை நினைத்து மகிழலாம், இனி வரப்போகும் நல்வாழ்வை எண்ணியும் மகிழலாம் என்கிறார். முதிதைக்கு நிகழ்காலம் கட்டாயமில்லை.

இதுவரை பார்த்ததில் ஒருவர் கையிலிருந்து உள்ளத்துக்கும், மற்றவர் உள்ளத்திலிருந்து கைக்கும் வருவதாகத் தோன்றும். அப்படியே நம்பியிருக்கலாம், சித்தலபப்பத விகாரைக் கதை இல்லாவிட்டால். அது இன்றைய தென்னிலங்கையின் சிதுல்பவ்வ. மைத்திரியைப் பேசும் பகுதியில், பகையை ஆற்றப் புத்தகோசர் ஒவ்வொரு சிந்தனையாக முன்வைக்கிறார்: இதை நினை, அதை நினை, அவனுடைய நற்குணத்தைப் பார், உன் முற்பிறவிகளை எண்ணு. எல்லாவற்றுக்கும் பிறகும் மனம் ஆறாவிட்டால் கடைசி மருந்து என்ன? ஒரு பொருளைக் கொடுத்துவிடு என்கிறார். சித்தலபப்பதவில் ஒரு தேரரை மூத்த தேரர் ஒருவர் மூன்று முறை உறைவிடத்திலிருந்து எழுப்பிவிட்டார். எழுப்பப்பட்டவர் தம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், இது எட்டுக் கஹாபணம் பெறும், உபாசிகையான என் தாய் தந்தது, அவருக்குப் புண்ணியம் சேரட்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தியானத்தின் பேராசான், தியானம் கைவிட்ட இடத்தில் கையை நீட்டச் சொல்கிறார். அது கஸ்ஸாலியின் மருந்தேதான். அந்தப் பாத்திரத்தைத் தாய் தந்தது என்ற சிறு விவரம் என்னை நெடுநேரம் நிறுத்தியது. விலை உயர்ந்த பொருள் என்பதைவிட, கொடுக்க மனம் வராத பொருள் என்பதுதான் அதன் எடை.

ஆசைக்கு இடம் கொடுப்பதில் கஸ்ஸாலியே பஸாருக்கு நெருங்கியவர். அவனைப் போல் நானும் முன்னேற வேண்டும் என்பது அவர் நூலில் குற்றமில்லை. 2009இல் நீல்ஸ் வான் டெ வென்னும் சக ஆய்வாளர்களும் தீங்கில்லாப் பொறாமை, தீய பொறாமை என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார்கள். முந்தையது தன்னை உயர்த்தத் தூண்டுகிறது, பிந்தையது மற்றவரைக் கீழே இழுக்கத் தூண்டுகிறது. கஸ்ஸாலியின் வாசகருக்கு இது புதுச்செய்தி அன்று. புத்தகோசரிடம் இந்த நடுவழி இல்லை. மாறாக அவர் வேறொரு பக்கத்திலிருந்து எச்சரிக்கிறார்: முதிதைக்கு அருகில் இருந்து ஏமாற்றும் எதிரி, இல்வாழ்வின் களிப்பு. பிறர் கலியாணத்தில் நாம் குதூகலிப்பது முதிதைபோல் தோன்றும், உண்மையில் அது நம் ஆசையின் கொண்டாட்டமாக இருக்கலாம். புது வாகனம் வாங்கியவரை வாழ்த்தும்போதே அதில் ஏறிப்போகும் நம்மைக் கற்பனை செய்துவிடுகிறோம் அல்லவா?

புத்தகோசரின் முதிதை மடவளைக்கு இன்னொரு வகையிலும் அயலது அன்று. அந்த ஒன்பதாம் அத்தியாயத்தை உலகெங்கும் ஆங்கிலத்தில் கொண்டு சேர்த்த பதிப்பு கண்டியிலுள்ள பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் வழியாகவே பரவியது. 1958இல் அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஞானபொனிக தேரர், உடவத்தகெலே காட்டுக் குடிலில் வாழ்ந்து, முதிதையைப் பற்றித் தனியே கட்டுரை எழுதி, அதே பொருளில் ஒரு சிறு தொகுப்பும் வெளிவரச் செய்தார். ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறர் வாழ்வைப் பொறுக்காத கூட்டத்தின் கொடுமையிலிருந்து அவருடைய தாய் தப்பி வந்து சேர்ந்ததும் இந்தத் தீவுக்குத்தான்.

இரு சமூகங்களின் அன்றாடப் பழக்கத்தில் பொறாமை வேறு முகம் காட்டுகிறது. சிங்கள வீடு கட்டும் இடத்தில் வைக்கோல் பொம்மை தொங்கும். கண்ணின் விஷம், வாயின் விஷம், எண்ணத்தின் விஷம் என்று அடுக்கிச் சொல்லித் தேசிக்காய் வெட்டுவார்கள். முஸ்லிம் வீட்டில் குழந்தையின் அழகைச் சொன்னால் மாஷா அல்லாஹ் சேர்க்காமல் சொல்ல விடமாட்டார்கள். கண்ணூறுக்குச் சூரத்துல் ஃபலக் ஓதி ஊதுவார்கள். இந்த ஒற்றுமை யாருக்கும் தெரிந்ததே. இரண்டுமே பொறாமைக்கு ஆளாகிறவருக்கான காப்பு என்பதுதான் கருதத்தக்கது. கஸ்ஸாலியும் புத்தகோசரும் படுக்கையை மாற்றிப் போடுகிறார்கள்: நோயாளி கட்டப்படும் வீட்டில் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்கிறார். ஊர் வழக்கத்தில் அந்தத் தெருவில் நிற்பவருக்கு மருந்து குறைவு. நான் பொறாமைப்படுகிறேன், எனக்கு ஓதிப் பாருங்கள் என்று ஒருவர் வந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

தனி மனிதரின் பொறாமை கூட்டத்தின் பொறாமையாகும்போது இந்த இரு மருந்துகளும் போதுமா என்பது கண்டி மாவட்டத்தில் வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 1915 மே மாத இறுதியில் வெசாக் இரவில் கண்டியில் ஒரு பள்ளிவாசலின் முன்னால் தொடங்கிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. அதன் பொருளாதாரக் காரணங்களை ஆராய்ந்த குமாரி ஜயவர்தன, வணிகப் போட்டியின் பங்கைச் சுட்டிக்காட்டினார். 2018 மார்ச்சில் தெல்தெனியவில் தொடங்கித் திகனவில் மூண்ட வன்முறை மடவளைக்கு மிக அருகில் நடந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது, சமூக ஊடகங்கள் தற்காலிகமாகத் தடுக்கப்பட்டன. இவற்றைப் பொறாமை என்ற ஒரே காரணத்துக்குள் அடைப்பது தவறு. அரசியலும் திட்டமிட்ட வெறுப்புப் பிரசாரமும் அதைவிடப் பெரியவை. ஆனால் எரிந்தவற்றில் கடைகள் இருந்ததையும், கடைகளைப் புறக்கணிக்கும் பிரசாரம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே நடந்ததையும் கஸ்ஸாலியின் செருப்புத் தைப்பவரை மறந்துவிட்டு வாசிக்க முடியாது.

கஸ்ஸாலி ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார். ஒரு தீயவன் தனக்குக் கிடைத்த கொடையைக் கொண்டு குழப்பமும் கேடும் விளைவித்தால், அந்தக் கொடையை வெறுப்பது ஹஸத் ஆகாது. புத்தகோசரின் முதிதையில் இப்படி ஒரு கதவு கிடையாது. பகைவரும் உள்ளே வந்தாக வேண்டும். நீதியின் பார்வையில் கஸ்ஸாலியின் கதவு அவசியமானது. ஆபத்தும் அதே கதவில்தான். ஏனென்றால் பொறாமை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, நியாயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறது. கஸ்ஸாலி இதை அறிந்தே ஒரு சோதனையையும் கூடவே வைத்தார்: அவனுடைய கேடு நின்று, கொடை மட்டும் அவனிடம் தங்கினால், உன் மனம் அமைதியடைகிறதா?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியை இந்தச் சோதனையில் வைத்துப் பார்க்கலாம். அது மாவு என்றே அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. மனங்கள் அமைதியடையவில்லை, அடுத்த ஆண்டே குருநாகலில் ஒரு மருத்துவர் மீது அதே சாயலில் குற்றச்சாட்டு எழுந்தது. சோதனையின் முடிவு தெளிவு.

ஆனால் சோதனை ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்கப்பட்டதில்லை. மடவளைப் பஸாரில், அல்லது அக்குறணையிலோ கம்பளையிலோ, நம்மில் ஒருவர் திடீரென்று இரண்டு மாடிக் கடை எழுப்பினால் தேநீர்க் கோப்பைகளுக்கு மேலே முதலில் எழும் கேள்வி என்ன? இது எங்கிருந்து வந்த காசு? வட்டிக் காசா, தூள் காசா, இன்னும் வெளியே சொல்ல முடியாத காசா? கேட்பவர் ஹலாலைக் காக்கவே கேட்கிறார், கஸ்ஸாலியின் கதவு வழியாகவே உள்ளே வருகிறார். விசாரித்ததில் பத்து வருடம் கட்டாரில் நின்று மகன் அனுப்பிய பணம் என்று தெரியவருகிறது. அப்போது கேட்டவர் முகத்தில் வருவது நிம்மதியா, ஏமாற்றமா என்பதை அவருக்கு எதிரே தேநீர் குடிப்பவர் கவனிக்கலாம். அவரால் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், கேட்டவருக்கு அது தெரியும்.